என் வாசலில் தொங்கிய பலகை

1

கனடாவுக்கு வந்திறங்கிய நாளை எங்கள் வீட்டில் பிறந்தநாள் போலக் கொண்டாடுவோம். வருடத்தில் அந்த ஒரு நாளைக்குத்தான் அம்மா தானாகக் கேட்டு லீவு எடுப்பார். தமிழ்க் கடையில் ஒரு கேக்கும் ஒரு பெட்டி ரோல்ஸும் வாங்கி வருவார். கேக்கில் என்ன எழுதுவது என்று கடையில் கேட்டால், "எழுத்து வேண்டாம், பூவாப் போட்டு விடுங்கோ" என்பார். எழுதினால் அது சரியா பிழையா என்று அம்மாவுக்குத் தெரியாது. அதனால் பூ.

இந்த வருடம் அந்தக் கேக்கை வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஜப்பானிலிருந்து மின்னஞ்சல் வந்தது.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு எங்கள் வீட்டை ஒரு பந்தியில் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், டோர்செட் பார்க்கில், ஒரு கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடி. அம்மா, நான், தங்கை கவி. அப்பா கடைசிச் சண்டையில் போய்விட்டார். இங்கே வந்தபோது எனக்குப் பதினொரு வயது, கவி கைக்குழந்தை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள்ளே இருந்து படித்த முதல் ஆள் நான். அம்மாவும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாள் தவறாமல் போனவர்தான், அதைக் கூட்டுவதற்கு. அதன் வாங்கில் படிக்க ஒரு நாளும் இருந்ததில்லை. எங்கள் பகுதி ஆட்களுக்கு அந்த ஊரில் அப்படித்தான் வழக்கம். எந்தச் சாதி என்று நான் எழுதப் போவதில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் இங்கும் இருக்கிறார்கள், அவர்கள் பாடு.

அகதி விண்ணப்பத்திலிருந்து வீட்டு வாடகைப் பத்திரம் வரை எங்கள் வீட்டுப் படிவங்களைப் பதினொரு வயதிலிருந்து நான்தான் நிரப்பி வருகிறேன். படிப்பு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுவேன். தொழில் என்ற கட்டத்தில் 'கட்டடப் பராமரிப்பு' என்று ஆங்கிலத்தில் எழுதுவேன். 'கிளீனிங்' என்று ஒரு தரமும் எழுதியதில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் அம்மா பேனையை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, 'அம்மா' என்று எழுதுவார். முதலாம் வகுப்பில் நான் படித்துவந்து கரிக்கட்டியால் சுவரில் எழுதிக் காட்டிய சொல் அது. அவருக்குத் தெரிந்த ஒரே சொல். கனடா அரசாங்கத்தின் எத்தனையோ கோப்புகளில் அவர் பெயர் 'அம்மா'தான். ஒரு அதிகாரியும் கேட்டதில்லை. அவர்களுக்கு அது வெறும் சுருள்.

மின்னஞ்சல் ஒகாடா என்ற பெண்ணிடமிருந்து வந்திருந்தது. பல்கலைக்கழகம் முடித்த கையோடு இரண்டு வருடம் நான் வட ஜப்பானின் ஒரு மலையூரில் ஆங்கிலம் படிப்பித்தேன். அந்த ஊரின் ரயில் நிலையத்துக்குக் கீழேதான் அவர் வீடு. இந்த வசந்தத்தோடு அந்தப் பாதையில் ரயில் நிற்கப் போகிறதாம். நிலையத்தை மூடுகிறார்களாம். காத்திருக்கும் அறையில் பயணிகள் எழுதுவதற்கு ஒரு கொப்பி இருந்தது. அதிலிருந்து பக்கங்களைத் தெரிந்தெடுத்து ஊரார் ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம்.

'உங்கள் பக்கத்தை ஒருவராலும் வாசிக்க முடியவில்லை' என்று எழுதியிருந்தார். 'ஆனால் எழுத்து மிகவும் அழகாக இருந்ததால், நீங்கள் போனபிறகு அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு நேர அட்டவணைக்குப் பக்கத்தில் மாட்டினோம். ரயிலுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னால் புத்தகத்தில் முதல் பக்கத்தில் போடுவோம்.'

கீழே படம். மரச் சட்டத்துக்குள் என் கையெழுத்து, நாலு வரி.

கவி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "ஓ மை கோட், அக்கா, யூ ஆர் லைக், ஃபேமஸ் தெயர்."

"என்னடி?" என்றார் அம்மா.

"அக்கா எழுதினதை ஜப்பான்ல ஃபிரேம் பண்ணி ஹாங் பண்ணியிருக்கினம், அம்மா."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினார். "உது உன்ர கையெழுத்தோ?"

"ஓம்."

"சட்டம் போட்டோ?"

"ஓம் அம்மா."

"என்ன எழுதினனி?"

"சும்மா... இடம் நல்ல வடிவு, நன்றி எண்டு."

அம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "கவி, லைப்ரரியில உதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வா. கலர்ல எடு" என்றார். அடுத்த நாளே அது எங்கள் பிரிட்ஜ் கதவில் ஏறிவிட்டது. வீடு விற்கிற ஒரு தமிழரின் சிரித்த முகம் போட்ட காந்த வில்லைதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

2

அந்த நிலையத்தில் ஆள் கிடையாது. ஸ்ரேசன் மாஸ்ரர் இல்லை, டிக்கெட் கொடுக்க ஒருவர் இல்லை, கேட் இல்லை. ஒரு பக்கம் வயல், மற்றப் பக்கம் நெடிய மரங்கள் நிற்கும் சரிவு. நடுவில் ஒரு சீமெந்து மேடை. ஒரே ஒரு பெட்டியோடு ஒரு நாளைக்கு ஐந்து தரம் ரயில் வரும். பின்கதவால் ஏறும்போது எண் போட்ட ஒரு துண்டை இழுத்தெடுக்க வேண்டும். இறங்கும்போது ஓட்டுநருக்குப் பக்கத்திலுள்ள பெட்டியில் துண்டையும் காசையும் போட வேண்டும். ஏமாற்றுவது மிகச் சுலபம். ஒருவரும் ஏமாற்றி நான் காணவில்லை.

காத்திருக்கும் அறை எங்கள் சமையலறையளவுதான். மர வாங்குகள். அவற்றின் மேல் யார் வீட்டிலோ தைத்துக் கொண்டுவந்து கட்டிய துணி மெத்தைகள், ஒன்றுபோல் ஒன்று இல்லை. பிஸ்கட் தகரத்துக்குள் அந்தக் கொப்பி, நூலில் கட்டிய பேனை. மூலையில் ஆணியில் இரண்டு விளக்குமாறும் ஒரு பனி அள்ளும் சவளும்.

முதல் நாளே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆளே இல்லாத நிலையத்தில் ஒரு சருகு இல்லை, கண்ணாடியில் ஒரு விரலடையாளம் இல்லை. யார் கூட்டுகிறார்கள்? கம்பெனி ஆள் அனுப்பும் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே ரொறன்ரோவில் அப்படித்தானே. தும்பு தூசி தானாக மறையாது, ஆள் அனுப்புவார்கள். அந்த ஆளை நாங்கள் காண மாட்டோம்.

3

மூன்றாம் மாதம் ஒரு பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்தபோது என் வாசல் கைப்பிடியில் ஒரு பலகை தொங்கியது. உள்ளங்கை அகலம், பழைய மரம், மைத்தூரிகையால் ஏதோ எழுதியிருந்தது. அந்த எழுத்து எனக்கு அப்போது வாசிக்க வராது. ஊரார் தந்த வரவேற்புப் பரிசு என்று நினைத்து வீட்டுக்குள் மேசைக்கு மேலே மாட்டினேன். படம் எடுத்துக் கவிக்கும் அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் ஒகாடா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஊர் விவசாயச் சங்கத்தில் வேலை. என்னைக் கண்டால், "கனடாக்காரி, இன்றைக்கும் இரண்டு கோட்டா? கனடாவில் ஹீட்டருக்குள்ளேதான் வளர்ந்தீர்களா?" என்று பகிடி விடுகிறவர். சுவரில் மாட்டியிருந்த பலகையைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பாதி ஆங்கிலத்திலும் பாதிக் கையாலும் விளக்கினார். அது பரிசு இல்லை, முறைப் பலகை. அது யார் வாசலில் தொங்குகிறதோ அந்த வீடு அந்தக் கிழமை நிலையத்தைக் கூட்ட வேண்டும். கூட்டியபின் அடுத்த வீட்டு வாசலில் தொங்கவிட வேண்டும். இரண்டு கைகளாலும் கூட்டுவது போல் காற்றில் செய்து காட்டினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது சூடாகியது.

"நான் ஆசிரியை" என்றேன், தெரிந்த ஜப்பான் மொழியில்.

"ஆமாம், ஆமாம். போன முறை டாக்டர். உங்களுக்கு அடுத்தது ஹெட்மாஸ்டர்" என்றார் அவர், இன்னும் சிரித்தபடி.

நான் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இந்த ஊரில் ஒரே கறுத்த தோல் என்னுடையது, விளக்குமாறு யாருக்கென்று பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பல்கலைக்கழகத்தின் மூன்று திறமைப் பட்டியல்களில் பெயர் வந்து, மேடையில் பட்டம் வாங்கி, பத்தாயிரம் கிலோமீற்றர் தள்ளி ஒரு மலைக்குள் வந்தாலும் துரத்திக்கொண்டு வருகிறதே என்று நினைத்தேன். அவர் போன உடனே பலகையைக் கழற்றிப் பக்கத்து வீட்டு வாசலில் கொழுவினேன். கூட்டவில்லை. நேரே நிலையத்துக்குப் போய், தகரத்தைத் திறந்து, கொப்பியில் நாலு வரி எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினால் யாராவது வாசித்துவிடுவார்கள். அதனால் தமிழில் எழுதினேன். என்னுடைய ஆத்திரத்துக்கு அந்த ஊரில் இருந்த ஒரே பூட்டு தமிழ்தான்.

இரண்டு வருடத்தில் அந்தப் பலகை நாலு தரம் என்னிடம் வந்தது. நாலு தரமும் அப்படியே தள்ளிவிட்டேன். ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. நிலையம் ஒரு நாளும் அழுக்காக இருந்ததும் இல்லை.

கடைசித் தரம் பனிக்காலம். காலை ரயிலுக்குப் போனேன். மேடையில் ஒருவர் குனிந்து பனி அள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது பார்த்தால் எங்கள் ஹெட்மாஸ்டர், அறுபது வயது மனிதர், மூக்கு நுனி சிவந்து. அது என் கிழமை. அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வழக்கம் போலத் தலை குனிந்து, "காலை வணக்கம். இன்றைக்கு வழுக்கும், கவனம்" என்று சொல்லிவிட்டு எனக்கு நடக்கப் பாதை வெட்டினார்.

விளக்குமாறுகள் இரண்டும் ஆணியில் இருந்தன. நான் ஒன்றையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இரண்டு வருடமாகப் பிழை விட்டது நான்தான் என்று ஆகிவிடும். ரயில் வந்தது. அவர் வெட்டிய பாதையால் நடந்துபோய் ஏறினேன்.

4

ரொறன்ரோவில் பலகை இல்லை. இங்கே யார் கூட்ட வேண்டும் என்பது எப்போதோ முடிவாகிவிட்டது.

அம்மா பின்னேரம் இரண்டு பஸ் மாறி மார்க்கம் என்ற பக்கத்து நகரத்துக்குப் போவார். கண்ணாடிக் கட்டடம், நாலு மாடி, கம்ப்யூட்டர் கம்பெனிகள். குப்பை வாளிப் பைகளை மாற்றி, ரொய்லட் கழுவி, கம்பளத்தில் வாக்குவம் இழுப்பார். அங்கே தமிழர்களும் வேலை செய்கிறார்கள். தங்களுக்குள் தமிழில் பேசிக்கொண்டு வருகிறவர்கள் அம்மாவைக் கண்டால் "ஹாய்" என்று ஆங்கிலத்துக்கு மாறுவார்களாம். "என்னோட இங்கிலீசு கதைக்கிறதுகள், பாவங்கள், எனக்கு அது விளங்குதெண்டு நினைச்சு" என்று அம்மா சிரிப்பார். எனக்கு அது பகிடியாகப் படவில்லை. தமிழில் பேசினால் அடுத்ததாக 'நீங்கள் எவடம்' என்று கேட்க வேண்டிவரும். கேட்டால் ஒரு உறவு ஏற்பட்டுவிடும். அதற்குத்தான் அந்த "ஹாய்".

அவர்களைக் குறை சொல்ல எனக்கென்ன தகுதி? போன வருடம் மார்க்கத்தில் ஒரு பிறந்தநாள் விழாவில், பட்டுச் சேலை கட்டிய ஒரு அன்ரி என்னிடம் கேட்டார்.

"என்ன படிச்சனீர்?" சொன்னேன். "ஆ, கெட்டிக்காரி. ஊரில எவடம்?" சொன்னேன். "அதில எந்தப் பக்கம்? கோயிலடியோ?"

"இல்லை அன்ரி, கொஞ்சம் தள்ளி."

"தள்ளியெண்டால்?" அவர் கண் என் முகத்தில் ஒரு தரம் மேய்ந்துவிட்டுப் போனது. "அம்மா என்ன செய்யிறா?"

"மார்க்கத்தில ஒரு ஒஃபிஸில" என்றேன்.

பொய் இல்லை. ஒஃபிஸில்தான்.

என்னுடைய அலுவலகத்திலும் ஐந்தரை மணிக்கு ஒரு பெண் வருவார். என் மேசைக்குக் கீழே வாளியை எடுக்கும்போது காலைத் தூக்கிக் கொடுப்பேன், "தாங்ஸ்" சொல்வேன், கண் கம்ப்யூட்டரில் இருக்கும். இரண்டு வருடமாக வருகிறார். பெயர் தெரியாது.

5

படம் பிரிட்ஜில் ஏறி ஒரு கிழமையாயிற்று. ஒகாடாவுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. 'இடம் வடிவு, நன்றி' என்று போட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. அதையும் போட முடியவில்லை, உண்மையையும் போட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா பிரிட்ஜ் துடைப்பார். வாரம் முழுக்க மற்றவர்களின் இடத்தைத் துடைத்துவிட்டு ஞாயிறு எங்களுடையதைத் துடைப்பார். நான் மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கவி சோபாவில், காதில் ஹெட்போன்.

"பிள்ளை, இஞ்ச வா."

"என்னம்மா?"

"உதை ஒருக்கா வாசி."

"அண்டைக்கே சொன்னனான்தானே."

"சொன்னனி. வாசிக்கேல்லை. விரலை வைச்சு வாசி."

எழுந்துபோனேன். விரலை வைத்தேன். "இந்த இடம் மிகவும் வடிவானது. இங்குள்ள ஆட்கள் நல்லவர்கள். நன்றி." இரண்டாவது வரி பாதியிலேயே எனக்குச் சொல் முடிந்துவிட்டது. கீழே இன்னும் இரண்டு வரி கிடந்தது. விரலைச் சும்மா ஓட்டினேன்.

அம்மா ஈரத் துணியைத் தோளில் போட்டார். பிளீச்சில் வெடித்த சுட்டுவிரலை மூன்றாவது வரியில் வைத்தார்.

"உதில அம்மா எண்டு கிடக்கு." விரலைக் கீழே இறக்கினார். "உதிலயும் கிடக்கு. நீ வாசிக்கேக்க ஒரு இடத்திலயும் அம்மா வரேல்லை."

கரிக்கட்டியால் எழுதிக் காட்டியவள் நான். அது அன்றைக்கு எனக்கு நினைவுக்கே வரவில்லை. அந்தச் சொல்லை அவர் கையெழுத்தாக மட்டும்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். அவருக்கு அது வாசிக்கவும் தெரிந்திருந்தது.

கவி ஹெட்போனைக் கழற்றினாள். "வாட் டஸ் இட் சே, அக்கா?"

"வாசி" என்றார் அம்மா.

வாசித்தேன். அந்தப் பக்கத்தில் உள்ளபடியே இங்கேயும் தருகிறேன்:

'என் வாசலில் பலகையைத் தொங்கவிட்டவர்களுக்கு. நான் இங்கே கூட்ட வரவில்லை, படிப்பிக்க வந்தேன். கூட்டுகிற வேலை என் அம்மாவோடு முடிந்தது. அம்மாவைப் போல ஆகக்கூடாது என்றுதான் படித்தேன்.'

அம்மா அழவில்லை, முகம்கூட மாறவில்லை. துணியை எடுத்துக் கதவுப் பிடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"என்ன பலகை அது?"

சொன்னேன். நிலையம், முறை, விளக்குமாறு, எல்லாம் சொன்னேன்.

"எத்தினை தரம் வந்தது?"

"நாலு."

"நாலு தரமும் நீ கூட்டேல்லை."

"இல்லை."

"அப்ப ஆர் கூட்டினது?"

"ஆரோ."

"ஆரோ எண்டால்?"

"தெரியாதம்மா. ஒருக்கா ஹெட்மாஸ்ரர்."

"ஹெட்மாஸ்ரரோ?" அம்மாவின் கை நின்றது. சிரித்தார். நான் அதுவரை கேட்டிராத சிரிப்பு. "நான் பள்ளிக்கூடம் கூட்டேக்க ஹெட்மாஸ்ரர் வந்தாரெண்டால் விளக்குமாத்தை ஒளிச்சுப்போட்டு மதிலோட ஒட்டிக்கொண்டு நிக்கவேணும். உனக்கு ஒரு ஹெட்மாஸ்ரர் கூட்டிவிட்டிருக்கிறார். நீ பாத்துக்கொண்டோ நிண்டனி?"

"ரயில் வந்திட்டுது."

"ரயில் வந்திட்டுது" என்று அம்மா என்னைப் பார்க்காமலே திருப்பிச் சொன்னார்.

"அம்மா, நான் உங்களைக் குறைச்சு எழுதேல்லை. அந்த வேலையைத்தான்..."

"விளங்குது பிள்ளை. நீ என்னை மாதிரி வரக்கூடாதெண்டு நானும்தான் நினைச்சனான். அது எழுதினதில ஒண்டுமில்லை." துணியைப் பிழிந்தார். "நீ ஆரோ எண்டு சொன்னாய் பார். விடிய வந்து மேசையில இருக்கிற ஆக்களுக்கு நானும் ஆரோதான்."

கவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் அன்று எல்லாம் விளங்கியிருந்தது. "தட்ஸ் மெஸ்ட் அப், அக்கா" என்றாள். அவளை நான் திருத்தவில்லை.

6

அன்றே ஒகாடாவுக்கு எழுதினேன். நாலு வரியையும் ஒரு சொல் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். நாலு கிழமைகள் நான் கூட்டவில்லை என்பதையும் எழுதினேன், அவருக்குத் தெரியாதது போல. மன்னிப்புக் கேட்டேன்.

ஐந்து நாள் கழித்துப் பதில் வந்தது. மிகவும் பணிவான பதில். மொழிபெயர்ப்புக்கு நன்றி. துரதிர்ஷ்டவசமாகப் புத்தகத்தில் பக்கங்கள் நிறைந்துவிட்டன. சட்டங்களை எப்படியும் கழற்ற வேண்டியிருந்ததால் உங்களுடையதையும் இறக்கிவிட்டோம். கடைசிக் கிழமை பலகையை ஒரு வீட்டிலும் தொங்கவிடாமல் ஊர் முழுவதும் சேர்ந்து கூட்டப் போகிறோம். குளிர், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டைப் பற்றிய பகிடி எதுவும் இல்லை. அந்த ஊரில் இரண்டு வருடம் இருந்தவள் நான். பக்கங்கள் நிறைந்துவிட்டன என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

அங்கே சுவரிலிருந்து இறக்கிய பக்கம் எங்கள் பிரிட்ஜில் இருக்கிறது. இறக்கிவிடட்டுமா என்று கேட்டேன். "கிடக்கட்டும்" என்றார் அம்மா. ஞாயிறு தோறும் அந்தத் தாளை எடுத்து, அதன் கீழே துடைத்து, திரும்ப அதே காந்த வில்லையால் அதே இடத்தில் ஒட்டுகிறார்.

போன ஞாயிறு நான் அவருக்கு முன்னரே எழும்பி, சமையலறை மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்தேன். இரண்டு தரம் இழுத்திருப்பேன். அம்மா அறையால் வந்து, அதை என் கையிலிருந்து வாங்கினார்.

"விடுங்கோ அம்மா, நான் கூட்டுறன்."

"இண்டைக்கு உன்ர முறை இல்லை" என்றார். "வரேக்க சொல்லுறன்."

இன்னும் சொல்லவில்லை.